வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஆம்பூர்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹுமேரா மேடம்,

பயிற்சிக்காக ஒரு வீட்டில் படம் எடுத்ததும், அந்தப் படங்களைத் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே கையால் ஒரு கடிதம் எழுதி மெமரி கார்டோடு கூரியரில் அனுப்ப வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டீர்கள். "வாட்ஸ்அப்ல 'நல்லா வந்திருக்கு மேடம்'னு மூணு சொல்லு வரும், அதுல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றீர்கள். கூட இருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். முப்பத்து மூன்று வருடம் கட்டுரை நோட்டு திருத்திய எனக்கு அது பிடித்திருந்தது.

எதிர்வீட்டுப் பட்டம்மாள் வீட்டில் எடுத்தேன். அவள் வீட்டில் இருந்தபடியே ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கம்பெனிக்குக் கொடுப்பவள். கணவர் காசி. நான் கேமராவோடு நுழைந்ததும் அவர் எழுந்து, "பட்டம்மா, அந்த நீலச் சட்டை எங்க வச்ச?" என்றார். அவள் ஊசியை நிறுத்தாமல், "அந்தச் சட்டைய போட்டா அது நீயா? கம்முனு உக்காரு. இது இன்னா, காதுகுத்தா?" என்றாள். நீங்கள் ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை அவள் ஒரு வரியில் சொல்லிவிட்டாள்.

செய்த தவறுகளையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சாய்ந்து தொங்கிய காலண்டரை நேராக்கினேன். பேத்தி குனிந்து எழுதுவதைப் பார்த்து, "முதுக நேரா வச்சு எழுது" என்றேன். அவள் நிமிர்ந்துவிட்டாள், படம் போய்விட்டது. கரும்பலகையில் கோடு கோணலாக இருந்தால் அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பழகிய கை இது. கோணலை அப்படியே விடுவதற்கு அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆறு மணி நேரம் இருக்கச் சொன்னீர்கள். இரண்டு மணி நேரம்தான் இருக்க முடிந்தது. வீட்டில் சில வேலைகள். வியாழக்கிழமை வேலூர் வகுப்புக்கு வர முடியாததற்கும் அதுவே காரணம். மன்னிக்கவும்.

கடிதத்தின் கடைசியில் எழுத வேண்டிய 'எடுக்காத படம்': நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, பட்டம்மாள் ஒரு கணம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், அழுத்த மறந்துவிட்டேன்.

அன்புடன்,
சவுரியம்மாள்


வேலூர்
9 ஆகஸ்ட் 2025

அன்புள்ள டீச்சர்,

முதலில் இந்த 'மேடம்' வேண்டாம். எனக்கு முப்பத்தைந்து வயது. நீங்கள் மேடம் என்றால் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.

நூற்று நாற்பத்து மூன்று படங்களையும் பார்த்தேன். பதினொன்று நல்ல படங்கள். முதல் தடவைக்கு அது ஜாஸ்தி. முதல் ஒரு மணி நேரம் வீட்டார் நமக்காக நடிப்பார்கள், அதன் பிறகுதான் அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். உங்கள் பதினொன்றும் இரண்டாவது மணி நேரத்தில் எடுத்தவை. ஆறு மணி நேரம் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். எல்லாப் படத்தையும் வாசலுக்குப் பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். சமையலறைக்குள் ஒரு படம்கூட இல்லை. பல படங்களில் பாதி ஃபிரேம் கதவு, கதவுக்கு அப்பால் தெரு. உள்ளே போக அவர்கள் விடவில்லையா, நீங்கள் போகவில்லையா?

நீங்கள் என் பெயரில், நான் இல்லாத வீடுகளுக்குப் போகப் போகிறவர். அசோசியேட் என்றால் அவ்வளவுதான் அர்த்தம். மேல்விஷாரம், பேரணாம்பட்டுப் பக்கம் பல வீடுகளில் ஆண்கள் கேமராவோடு உள்ளே போக முடியாது. அதனால்தான் நான் பெண்களாகத் தேடிப் பயிற்சி கொடுக்கிறேன். அந்த வீடுகளில் அறைக்கு அறை திரைச்சீலை இருக்கும். எந்தத் திரையையும் நீங்களாக விலக்காதீர்கள். முன்னால் நின்று "வரலாமா?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். பதில் வந்த பிறகு வாசலிலேயே நிற்காதீர்கள், உள்ளே போங்கள். இரண்டும் ஒரே மரியாதைதான்.

அடுத்தது எல்லா அசோசியேட்டுக்கும் உள்ள பாடம். உங்கள் சொந்த வீடு. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. எதையும் நகர்த்தக் கூடாது, யாரையும் நிறுத்தக் கூடாது, அவர்கள் போகும் இடமெல்லாம் பின்னால் போக வேண்டும். நம் வீட்டைக் காட்டத் தயங்குகிறவரைக்கும் அடுத்தவர் வீட்டில் நாம் வேவு பார்க்கிறவர்கள்தான்.

அக்டோபர் 11, சனிக்கிழமை, மேல்விஷாரத்தில் ஷஹீன் பானு வீட்டில், அவர்களுடைய ஒரு நாளைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆறு மாத இரட்டைக் குழந்தைகள். அதே நாளில் எனக்கு வாணியம்பாடியில் வேறு வீடு. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். ஆனால் சொந்த வீட்டுப் பாடத்தை முடிக்காமல் யாரையும் அனுப்ப மாட்டேன்.

ஹுமேரா


ஆம்பூர்
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஹுமேரா,

சொன்னபடி எங்கள் வீட்டில் ஒரு நாள் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வீட்டில் நானும் கணவர் அருளப்பனும் மட்டும்தான். மகள் ஜாஸ்மின் ஓசூரில் இருக்கிறாள். அவர் இங்கே தோல் பதனிடும் ஒரு டேனரியில் முப்பத்தோரு வருடம் தோலைத் தரம் பிரித்தவர். செலக்‌ஷன் என்று சொல்வார்கள். வேலையை விட்டு ஏழு வருடம் ஆகிறது.

காலையில் அவர் பேப்பர் படித்தார். நான் சமைத்தேன். மதியம் சாப்பிட்டோம். மாலையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். சாதாரண வீடு, சாதாரண நாள். பார்ப்பதற்குச் சுவாரசியம் இருக்காது.

பட்டம்மாள் வீட்டில் உள்ளே போக விட்டார்கள். நானாகத்தான் போகவில்லை. அடுத்த முறை திருத்திக்கொள்கிறேன்.

மேல்விஷாரத்துக்குப் போக ஆசையாக இருக்கிறது. எத்தனை ஆசை என்று எழுதினால் சிரிப்பீர்கள். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு அப்பாவின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளை போல இருக்கிறேன்.

எடுக்காத படம் எதுவும் இல்லை.

அன்புடன்,
சவுரியம்மாள்


வேலூர்
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள டீச்சர்,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன்.

ஜன்னல் கம்பியின் நிழல் தரை ஓடுகளில் விழுந்திருக்கிறது. நீங்கள் காலை என்று சொல்லும் படத்தில் அது மூன்றாவது ஓட்டில் இருக்கிறது. மாலை என்று சொல்லும் படத்தில் நாலாவது ஓட்டில். பன்னிரண்டு மணி நேரத்தில் சூரியன் ஒரு ஓடுதான் நகர்ந்ததா? ஐயாவின் கையில் பேப்பர் எல்லாப் படத்திலும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. சட்டையில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. எடுத்த நேரம் கார்டிலேயே பதிந்திருக்கும், டீச்சர். அதை நான் கடைசியாகத்தான் பார்த்தேன். பத்து பத்திலிருந்து பதினொன்று ஐந்துவரை.

எடுக்காத படம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இதுவரை பயிற்சிக்கு வந்தவர்களில் யாரும் அப்படி எழுதியதில்லை.

கார்டில் முதல் படம் ஒன்று இருக்கிறது. வெளிச்சம் பார்ப்பதற்காகத் தெருவில் நின்று எடுத்திருப்பீர்கள், அழிக்க மறந்துவிட்டீர்கள். உங்கள் வாசல் கதவு. பழைய கதவு, அதில் வெளிப்பக்கம் இரண்டு புதுத் தாழ்ப்பாள்கள், மேலே ஒன்று, கீழே ஒன்று. அடுத்த படங்களில் அதே கதவை உள்ளேயிருந்து பார்க்கிறேன். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை, ஆணி பிடுங்கிய ஓட்டைகள்தான் இருக்கின்றன.

நூற்றுப் பன்னிரண்டு படங்களில் அது ஒன்றுதான் உண்மை. மற்றதெல்லாம் பொய். திரும்ப எடுங்கள்.

ஹுமேரா


ஆம்பூர்
28 ஆகஸ்ட் 2025

ஹுமேரா அவர்களுக்கு,

முப்பத்து மூன்று வருடத்தில் பார்த்து எழுதிய பிள்ளைகளை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். ஒருத்தியிடம்கூட 'பொய்' என்று சொன்னதில்லை. ஏன் பார்த்து எழுத வேண்டி வந்தது என்றுதான் கேட்டிருக்கிறேன்.

ஒரு கதவுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள் வைப்பது என்பது அந்த வீட்டில் இருப்பவர்களின் விஷயம்.

நம் வீட்டைக் காட்டாதவர் அடுத்தவர் வீட்டில் வேவு பார்ப்பவர் என்று எழுதினீர்கள். உங்கள் வீட்டுப் படங்களை நீங்கள் யாரிடம் கொடுத்தீர்கள்? யார் அதைப் பார்த்துத் திருத்தினார்கள்?

பயிற்சிக்குக் கொடுத்த கேமராவை நாளை கூரியரில் அனுப்புகிறேன். மேல்விஷாரத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

சவுரியம்மாள்


வேலூர்
3 செப்டம்பர் 2025

அன்புள்ள டீச்சர்,

கேமரா வந்தது. அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன், இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருக்கும். தயவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: யாரிடமும் கொடுக்கவில்லை. நான் அந்தப் பாடத்தைச் செய்ததே இல்லை. ஐந்து வருடமாக ஒன்பது பெண்களைச் செய்ய வைத்திருக்கிறேன். "உங்க வீட்டுப் படம் எங்க?" என்று கேட்ட முதல் ஆள் நீங்கள்.

நான் இருப்பது அண்ணன் தன்சீல் அகமதின் வீட்டு மாடி அறையில். என் கல்யாணம் முறிந்து இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. அண்ணி நல்லவர். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்தால், "ஹுமேரா லீவுக்கு வந்திருக்கா" என்பார். ஆறு வருட லீவு. வந்தபோது கொண்டுவந்த சூட்கேஸ் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வேண்டியதை அதிலிருந்தே எடுத்து உடுத்தித் துவைத்து மடித்து அதிலேயே வைக்கிறேன். அறையில் ஒரு அலமாரி காலியாக இருக்கிறது. இதைப் படமாக எடுத்தால் அந்த அறை எனக்கு என்ன என்று தெரிந்துவிடும். அதனால் ஊரார் வீட்டையெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

'பொய்' என்று எழுதியது தப்பு. ஏன் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். அந்தக் கதவுப் படத்தை என் கணினியிலிருந்து அழித்துவிட்டேன்.

ஹுமேரா


ஆம்பூர்
15 செப்டம்பர் 2025

அன்புள்ள ஹுமேரா,

கேமரா பெட்டியைப் பத்து நாள் திறக்கவில்லை. உங்கள் கடிதத்தை மட்டும் நாலு முறை படித்தேன். சொல்கிறேன்.

என் கணவருக்கு மறதி. சாவியை எங்கே வைத்தோம் என்கிற மறதி இல்லை. ஜாஸ்மினை என் தங்கை என்று நினைக்கிற மறதி. தினமும் காலை எட்டு மணிக்கு டேனரியில் சங்கு ஊதும். வீடு வரைக்கும் கேட்கும். எந்த நாள், எந்த ஊர் என்று தெரியாதவர், அந்தச் சங்கு கேட்டதும் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்.

போன வருடம் நவம்பர்வரை அதைப் பெரிதாக நினைக்கவில்லை. "நடந்துட்டு வர்றேன்" என்று போவார், சாயங்காலம் வந்துவிடுவார். நவம்பரில் மழை கொட்டிய ஒரு நாள் வரவில்லை. இருட்டும் நேரத்தில் போலீஸ் வண்டியில் கொண்டுவந்து விட்டார்கள். சென்னை போகிற பெரிய ரோட்டின் நடுவில், செருப்பு இல்லாமல், லாரிகளுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். "பெரியவரப் பாத்துக்கங்கம்மா, இன்னொரு வாட்டி நாங்க இப்படிக் கொண்டாந்து விட முடியுமான்னு தெரியாது" என்றார் ஏட்டு.

மறுநாளே தச்சரைக் கூப்பிட்டேன். எங்கே அடிக்க வேண்டும் என்று காட்டியதும் அவர், "வெளிப்பக்கமா டீச்சர்? திருடன் உள்ளயா இருக்கான்?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

காய் வாங்கப் போனால் பூட்டுவேன். பூசைக்குப் போனால் பூட்டுவேன். ஜூன் மாதம் உங்கள் முதல் வகுப்புக்கு வந்தபோது ஐந்தரை மணி நேரம் பூட்டியிருந்தேன். திரும்பி வந்தபோது அவருடைய விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் வியாழக்கிழமை வர முடியாமல் போனது. பட்டம்மாள் வீட்டில் வாசலை விட்டு நகராததும் அதனால்தான். அங்கே நின்றால் என் வீட்டுக் கதவு தெரியும்.

அவர் கத்துவதில்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை. மெதுவாக, மரியாதையாகத் தட்டுவார். "யாருப்பா உள்ள? தொறங்க. சங்கு ஊதிட்டாங்க, நேரமாச்சு" என்பார். வீட்டுக்குள் நின்றுகொண்டு, தான் டேனரி கேட்டுக்கு வெளியே நிற்பதாக நினைக்கிறார். உள்ளே இருப்பவர், உள்ளே விடச் சொல்லிக் கேட்கிறார். தெருவில் நிற்கும் நான் என்ன பதில் சொல்வது?

பட்டம்மாளுக்குத் தெரியும். தெரியாததுபோல நடந்துகொள்கிறாள். ஜாஸ்மினுக்குத் தாழ்ப்பாள் விஷயம் தெரியாது. தெரிந்தால் ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று மறுபடி தொடங்குவாள்.

இந்தக் கேமரா வந்த பிறகுதான் இரண்டு மணி நேரமாவது நான் நானாக இருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் அவரைப் பூட்டித்தான் ஆக வேண்டும். மேல்விஷாரம் என்றால் காலை ஆறரைக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் திரும்ப முடியும். பதின்மூன்று மணி நேரம். கணக்கு டீச்சர் வேண்டியதில்லை இதற்கு.

எடுக்காத படம்: அவருடைய விரல் முட்டிகள்.

சவுரியம்மாள்


வேலூர்
21 செப்டம்பர் 2025

அன்புள்ள டீச்சர்,

படித்தேன். யோசனை சொல்லத் தோன்றியதையெல்லாம் எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன். நீங்கள் யோசிக்காத எதையும் நான் யோசித்துவிடவில்லை.

ஐயாவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஷஹீன் பானு வீட்டார் நம்மைக் கூப்பிட்டதே பெண்கள் மட்டும் வருவோம் என்பதால்தான். தேதியை மாற்றவும் முடியாது, குழந்தைகளின் அப்பா சுஹேல் அகமது மறுநாள் துபாய் திரும்புகிறார். அக்டோபர் 3க்குள் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் வேறு ஆள் அனுப்புவேன். பேஜாராகத்தான் இருக்கிறது இதை எழுத.

ஒரு சங்கதி. போன ஞாயிற்றுக்கிழமை என் அறையைக் காலையிலிருந்து மாலைவரை எடுத்தேன். அறுபத்தோரு படம். ஒன்பதில் சூட்கேஸ் இருக்கிறது. இன்னும் காலி செய்யவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே மட்டும் இழுத்து வைத்திருக்கிறேன். அண்ணி பார்த்துவிட்டு, "ஊருக்குப் போறியா?" என்றார். இல்லை என்றேன். படங்களை உங்களுக்கு அனுப்புகிறேன். திருத்துங்கள்.

நீங்களும் உங்கள் வீட்டு நாளை எடுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம். விதி மட்டும் அதேதான்: நிறுத்தாதீர்கள், பின்னால் போங்கள்.

ஹுமேரா


ஆம்பூர்
30 செப்டம்பர் 2025

அன்புள்ள ஹுமேரா,

உங்கள் அறையைப் பார்த்தேன். ஒரே ஒரு திருத்தம்: காலி அலமாரியைத் தூரத்திலிருந்தே எடுத்திருக்கிறீர்கள். பக்கத்தில் போங்கள்.

நேற்று எங்கள் வீட்டு நாள். ஆறு மணிக்குத் தொடங்கினேன். அவர் விழித்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்க யாரு?" என்றார். எடுத்தேன். எட்டு மணிக்குச் சங்கு. சட்டை மாட்டினார், பொத்தானை ஒன்று விட்டு ஒன்று போட்டார். என் கை நேராக்கப் போனது. இழுத்துக்கொண்டேன். வாசலுக்கு வந்து கதவில் கை வைத்தார். கதவு திறந்திருந்தது. நான்தான் தாழ்ப்பாள் போடாமல் விட்டிருந்தேன்.

பின்னால் போங்கள் என்றுதானே எழுதினீர்கள்.

ஹுமேரா, அவர் தடுமாறவே இல்லை. பள்ளிவாசல் தெருவில் நடந்து, பிரியாணிக் கடையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தவரைச் சுற்றிக்கொண்டு, ரயில்வே சுரங்கப் பாதையில் தண்ணீர் தேங்கியிருந்ததால் ஓரமாகக் கால் வைத்து, பத்தடிக்கு ஒரு முறை வண்டி வருகிறதா என்று திரும்பிப் பார்த்து நடந்தார். முன்பு டீக்கடை இருந்து இப்போது செல்போன் கடையாகிவிட்ட இடத்தில், அங்கே இல்லாத யாருக்கோ கை தூக்கினார். நாற்பது நிமிடத்தில் டேனரி கேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். என்னைவிட நன்றாக வழி தெரிகிறது அவருக்கு.

வாட்ச்மேன் எழுந்து நின்றார். ஆபித் பாஷா என்று பெயர். "அட, செலக்‌ஷன் சார். ஒரு வருசமா ஆளக் காணோமே" என்று கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "போய்ச் சேந்துட்டாருன்னே நெனச்சுட்டேன் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

ஆபித் பாஷா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் இவர் வாரத்தில் நாலு நாள் அங்கேதான் போயிருக்கிறார். உள்ளே விடமாட்டார்கள். கேட்டருகே உட்கார்வார், டீ குடிப்பார், போகிற வருகிற ஆட்களைப் பார்ப்பார். நாலு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் ஆபித் பாஷா தன் மொபெட்டில் ஏற்றிவந்து எங்கள் தெருமுனையில் இறக்கிவிடுவார். "அந்த மழை நாளு, நான் மக கல்யாணத்துக்கு லீவுல இருந்தேன். புதுசா வந்தவன் ஆள் தெரியாம போ போன்னு வெரட்டிட்டான்."

அவருக்குப் போகும் வழி தெரியும். வரும் வழிதான் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்கு ஒரே ஒரு நாள் பின்னால் நடந்திருந்தால் போதும். நான் தச்சரைக் கூப்பிட்டேன்.

பெஞ்சின் மேல் ஒரு துண்டு ஆட்டுத் தோல் கிடந்தது. இவர் அதை எடுத்துக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "இது ரெண்டாந்தரம். முள்ளு கிழிச்சிருக்கு" என்றார். ஆபித் பாஷா எனக்காக, "செத்த பெறகு கிழிஞ்சதா சார்?" என்று கேட்டார். "இல்ல. உசுரோட இருந்தப்போ. ஆறியிருக்குது பாரு." எனக்குத் தெரிந்து பல மாதங்களில் அவர் சரியாகச் சொன்ன முதல் விஷயம் அது. எடுத்தேன். அது நல்ல படமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நேற்று எடுத்ததையெல்லாம் அனுப்பியிருக்கிறேன். கதவையும் வெளியில் நின்று எடுத்திருக்கிறேன், இந்த முறை தெரிந்தே.

மேல்விஷாரத்துக்குப் போகிறேன். ஆறரைக்கு நான் போட்டுவிட்டுப் போகும் தாழ்ப்பாளை, சங்கு ஊதியதும் பட்டம்மாள் திறந்துவிடுவாள். நான் கேட்டபோது, "இத்தன நாளா எப்ப கேப்பீங்கன்னுதான் பாத்துனு இருந்தேன்" என்றாள். அவர் கேட்டுக்கு வந்ததும் ஆபித் பாஷா எனக்குப் போன் செய்வார், நாலரைக்குக் கொண்டுவந்து வீட்டில் விட்டு, தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தன் இரண்டாவது வேலைக்குப் போய்விடுவார். பட்டம்மாளும் மாலையில் தைத்ததைக் கம்பெனியில் கொடுக்கப் போகிறவள். நாலரையிலிருந்து ஏழரைவரை மறுபடி தாழ்ப்பாள்தான். மூன்று மணி நேரம். அதற்கு எந்த வழியும் கிடைக்கவில்லை.

எடுக்காத படம்: ஆபித் பாஷா 'போய்ச் சேந்துட்டாருன்னு நெனச்சேன்' என்று சொன்னபோது, இவர் அதைக் கேட்டுச் சிரித்தது.

சவுரியம்மாள்


வேலூர்
4 அக்டோபர் 2025

அன்புள்ள டீச்சர்,

கட்டைவிரல் படத்தை ஸ்டுடியோ சுவரில் மாட்டியிருக்கிறேன், உங்கள் பெயரோடு. என் பெயரில்லை.

11ஆம் தேதி ஒன்பதிலிருந்து ஐந்துவரை. திரைக்கு முன் நிற்பதை மறக்க வேண்டாம்.

அலமாரியின் பக்கத்தில் போனேன். கீழ்த்தட்டில் நாலு சட்டை வைத்திருக்கிறேன்.

ஹுமேரா


ஆம்பூர்
12 அக்டோபர் 2025

அன்புள்ள ஹுமேரா,

அசோசியேட்டாக இது என் முதல் கடிதம். கார்டைத் திறந்து பார்க்காமல்தான் எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் எனக்காகச் சிரித்தார்கள். நான் அந்த வீட்டுக்குள் நுழையும் முன்பே, எட்டே முக்காலுக்கு, ஆபித் பாஷாவின் போன் வந்துவிட்டது. "வந்துட்டாரு டீச்சர், டீ குடிக்கிறாரு." அதனால் நான் வாசலில் நிற்கவில்லை. சமையலறை, மாடி, துணி காயப்போடும் இடம் என்று எல்லா இடத்துக்கும் போனேன். ஒரு குழந்தை அழுதால் அடுத்ததும் அழுகிறது. சுஹேல் அகமது மறுநாள் ஊருக்குப் போகிறவர், இரண்டையும் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு பெட்டியில் துணி அடுக்க முடியாமல் நின்றார். "டீச்சர், இதையும் எடுக்குறீங்களா?" என்றார். "எடுத்துட்டேன்" என்றேன்.

ஒன்று கற்றுக்கொண்டேன். ஷஹீன் பானுவின் அறைத் திரைக்கு முன்னால் நான் நின்று கேட்டேன். அது விருந்தாளிக்கு உள்ள மரியாதை என்றுதான் நினைத்திருந்தேன். மதியம் அவருடைய மாமியார் வந்தார். அந்த வீட்டையே கட்டியவர். அவரும் திரைக்கு வெளியே நின்று, "பேட்டா, வரலாமா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மருமகள் "வாங்க அம்மி" என்று சொல்லும்வரை நின்றார். உள்ளே இருப்பவர் 'வா' என்று சொல்ல முடிகிற வரைக்கும் அது அவருடைய அறை.

ஏழரைக்கு வீட்டுக்கு வந்தேன். உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, மரியாதையாக. எவ்வளவு நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. வழக்கமாக இந்தச் சத்தம் கேட்டால் ஓடிப் போய்த் தாழ்ப்பாளை இழுத்து நேரே நுழைந்துவிடுவேன், பீரோவைத் திறப்பதுபோல. ஒரு வருடமாக அப்படித்தான்.

நேற்று தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு நானும் தட்டினேன்.

உள்ளே சத்தம் நின்றது.

"யாரு?" என்றார்.

"நான்தாங்க. சவுரி. வரலாமா?"

நின்றேன். பிறகு நாற்காலி நகரும் சத்தம். வீட்டுக்கு யாராவது வந்தால், பழைய நாளில் அவரிடம் வரும் அந்தக் குரல் வந்தது.

"வா, வா. தொறந்துதான் இருக்குது."

எடுக்காத படம்: அவருக்குக் கேட்டுவிடாதபடி மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்த என் கை.

சவுரியம்மாள்